படையலில் வைத்த மடிக்கணினி

அக்கா,

போன வாரம் உங்கள் முதல் வருடத் திதிக்குக் கட்டிக்கொண்டு வந்த புடவையை இன்னும் துவைக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் சாம்பிராணி வாசனை வருகிறது. அந்த வாசனைக்குச் சாமி ஞாபகம் வரவேண்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பூன் லே அடுக்குமாடியில் உங்கள் வீட்டு ஹாலில், உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, உளுந்து வடையும் பாயசமும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் தட்டில் புதுப் புடவை, பூ, மஞ்சள். அதற்கும் பக்கத்தில் ஒரு பெட்டி. பிரிக்காத புது மடிக்கணினி. பெட்டி மேல் சந்தனம், குங்குமம்.

"அவளுக்கு இதுன்னா அவ்ளோ ஆசை. அதான் வாங்கி வச்சோம்," என்றார் உங்கள் வீட்டுக்காரர். வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, தேங்காய் உடைக்க என் கையில் கொடுக்கவில்லை.

கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் ஆசை எனக்குத் தெரியும், அக்கா. அந்த வீட்டு வழக்கமும் தெரியும். புதியது வந்தால் மகனுக்கு. அவன் கழித்தது உங்களுக்கு. நீங்கள் போனபிறகு அதே ஓட்டை மடிக்கணினி மகள் கீர்த்திக்கு. அதை வைத்துக்கொண்டுதானே பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள்? சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதனால் அடுப்படியில் ரைஸ் குக்கர் பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வகுப்பு. பாதியில் படம் நின்றுவிட்டால், "டீச்சர், நீங்க சிலை ஆயிட்டீங்க லா" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

அந்த டியூஷன் பணத்தைச் சேர்த்துச் சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டீர்கள். விலை கேட்காமல் ஒரு கத்தரிக்காய்கூட வாங்காதவள் நான். நூலகத்தில் புத்தகம் எடுத்தும், யூடியூபில் பார்த்தும் ஒரு வாரம் படித்துவிட்டுத்தான் வந்தேன். ஜாலான் புசார் பக்கம் அந்தக் கடையில் பையன் முதலில் கேட்டது, "பட்ஜெட் எவ்வளவு ஆன்ட்டி?"

"அதப் பெறகு சொல்றோம். இவங்க பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கிறாங்க. அதுக்கு எது ஒத்துவரும், அதக் காட்டுங்க," என்றேன்.

அவன் விளையாட்டுக்காரர்கள் வாங்குகிற பெரிய ஒன்றைக் காட்டினான். விசைகளுக்கு அடியில் கலர் கலராக வெளிச்சம். "சிராங்கூன் ரோட்டு தீபாவளி லைட்டப் மாதிரி இருக்கு. இதத் தூக்க இன்னொரு ஆள் வேணும்," என்று என் காதில் சொன்னீர்கள். பிறகு உங்களுக்கு ஏற்றதைத் தேடினோம். கை வலிக்காத எடை, முகம் தெளிவாகத் தெரிகிற கேமரா, மத்தியானம் முழுக்கத் தாங்குகிற பேட்டரி. மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது என்பதால் அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்றேன். சேமிக்கிற இடம் நடுத்தரம் போதும், நாம என்ன படமா எடுக்கப்போறோம் என்றீர்கள். ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குள் எல்லாம் அடங்கியது.

கார்டை வெளியே எடுத்துவிட்டீர்கள். அப்போது உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், போன் பண்ணினார். "பையன் புதுசு கேக்குறான். அந்தக் காசுல அவனுக்கு வாங்கிடு. அவனோடது நல்லாத்தானே இருக்கு, அத நீ வச்சிக்க." கார்டு திரும்பப் பைக்குள் போனது. "பரவாயில்ல, படிக்கிற பிள்ளை," என்றீர்கள். யாரிடம் சொன்னீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திதியன்று பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தேன். அதே கலர் வெளிச்சம் போட்ட ரகம். உங்கள் மகன் சித்தப்பா பையனிடம் மெதுவாகச் சொல்கிறான்: "சாமி கும்பிட்டு முடிச்சதும் ஓப்பன் பண்ணிடலாம். கேம்லாம் ஸ்மூத்தா ஓடும்."

இப்படித்தான் அக்கா, செத்த பிறகும் உங்கள் பெயரில் அவனுக்கு வாங்கியிருந்தார்கள்.

தீபாராதனை முடிந்ததும் கேட்டேன். "அண்ணே, படையல் புடவை யாருக்கு?"

"கீர்த்திக்குத்தான்மா. அம்மாவுக்கு வச்சது மகளுக்குத்தானே."

"அப்ப அந்தப் பெட்டியும் கீர்த்திக்குத்தான்."

உங்கள் மகன் சிரித்தான். "ஆன்ட்டி, அது லேப்டாப். சேலை இல்ல."

"படையல்ல ஏறிட்டா எல்லாம் ஒண்ணுதான் தம்பி. உங்கம்மா பேரச் சொல்லி வச்சத நீ எடுத்து கேம் விளையாடுவியா?"

உங்கள் நாத்தனார்தான் வாயைத் திறந்தார். "அவ சொல்றது சரிடா. சாமிக் குத்தம் ஆயிடும்." அண்ணன் பெட்டியைக் கீர்த்தி பக்கம் நகர்த்தினார். சாமியைச் சண்டைக்கு இழுத்தது பாவமோ என்னவோ. முருகனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஆனால் கீர்த்தி என்ன சொன்னாள் தெரியுமா? "எனக்கு வேணாம் ஆன்ட்டி. அண்ணனே வச்சிக்கட்டும். அம்மாவோடதே ஓடுது."

அதே குரல். தலையைச் சாய்க்கிற அதே சாய்ப்பு. நகை கொடுத்தீர்களோ இல்லையோ, இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த நிமிடம் வீட்டில் இருந்த எல்லாரையும்விட உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். வந்தவர்கள் எல்லாம் உங்களைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள். நான் மட்டும் புகழவில்லை.

நேற்று அண்ணனிடம் ரசீதை வாங்கி, பெட்டி மேல் இருந்த சந்தனத்தைத் துடைத்து, அவளையும் அதையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிரிக்காததால் மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள். நர்ஸ் வேலைக்குத் தாதிமைப் படிப்பு படிக்கிறாள், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கடையில் கேட்டபோது என் முகத்தைப் பார்த்தாள். நான் கேபிள் தொங்கும் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைக்காரர் பக்கம் திரும்பி, "சார்ஜர் இல்லாம நாள் முழுக்க ஓடணும்," என்றாள். அப்புறம், "பேக்ல வெயிட் தெரியக் கூடாது." நான் மலிவாக ஒன்றைக் காட்டினேன். தட்டிப் பார்த்தாள். "கீ எல்லாம் நெருக்கமா இருக்கு ஆன்ட்டி. பிடிக்கல." எடுத்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எனக்குக் கால் கடுத்தது. அவசரப்படுத்தவில்லை.

கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். விளக்கேற்றும்போது உங்களுக்காகவும் கும்பிடுகிறேன். கும்பிட்டு முடித்ததும் திட்டுகிறேன்.

பஸ்ஸில் வரும்போது புதுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா அன்னிக்கு எத செலக்ட் பண்ணாங்க ஆன்ட்டி?"

சொன்னேன். எடையைச் சொன்னேன், திரையின் அகலத்தைச் சொன்னேன். கடைக்காரன் சாம்பல் நிறத்தை எடுத்துக் கொடுத்தபோது, "இது வேணாம், எனக்கு அந்தக் கரும்பச்சைதான் வேணும்," என்று நீங்கள் சொன்னதையும் சொன்னேன். வேணும் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான், அக்கா.