பூக்காத புல்லுக்குப் பெயர் எழுதமாட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு, சுபிதா எழுதுகிறேன். முட்டுவலி குறைந்ததா? ஊட்டி மலையில் நான் சுகம்தான்.

நேற்று புல் கணக்கெடுப்பில் ஒரு சின்னச் சண்டை. இங்கே இரண்டு மலைப்புற்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பூத்தால்தான் எது எதுவென்று தெரியும். எங்கள் மேலதிகாரி, "குத்துமதிப்பா ஒரு பேரை எழுதிட்டுப் போம்மா" என்றார்.

"பூக்காம எழுதமாட்டேன் சார்."

"அப்ப ஊருக்குப் போ" என்றார். போகவில்லை. தலை துவட்ட நீ தந்த தோர்த்தைக் கிழித்து, அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் கம்பு நட்டு அடையாளம் கட்டினேன்.

"புல்லு பறிக்கதுக்கா மக்கா படிக்க வச்சேன்?" என்று அருமனை பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாயே. பறிக்கவில்லை அம்மா, காவல் இருக்கிறேன். தண்டு தடித்துவிட்டது, இனிச் சீக்கிரம் பூத்துவிடும். அதனால் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வரமாட்டேன். மண்டையப்பம் தபாலில் கெட்டுப்போகும், என் பங்கையும் நீயே தின்றுவிடு. வேறொரு தோர்த்து மட்டும் அனுப்பு. புதிது வேண்டாம், நீ தலை துவட்டுகிறதே போதும்.

ஜீப் வந்துவிட்டது. அது பூக்கட்டும், பெயரை நான்தான் எழுதுவேன்.

உன் மகள்,
சுபிதா