வண்டு தொடாத பூ

ராத்தா,

இன்று காலை செவ்வந்திச் செடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிவிட்டேன். அந்தக் காரமான மணம் விரல்களில் ஏறிவிட்டது. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. தேசிக்காய்ப் புளி தேய்த்தால் போகும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். தினமும் தேய்த்துவிட்டுத்தான் உங்கள் முன்னால் வந்து நின்றேன். ஏன் என்று கடைசிவரை உங்களிடம் சொல்லவில்லை.

உங்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலி, அதில் நாம் குனிந்து போய்வர ஓட்டையாக ஒரு பொட்டு. உங்கள் கணவர் மௌத்தாகி நீங்கள் தனித்த பிறகு கிண்ணியாவிலிருந்து உங்கள் தம்பி வந்து எத்தனையோ தரம் கூப்பிட்டும் நீங்கள் போகவில்லை. தோட்டத்தை விட்டுவிட்டு எப்படி வருவது என்பீர்கள். பூசணி, பாகல், வெள்ளரி. அவற்றுக்கு நடுவே வரிசை வரிசையாகச் செவ்வந்தியும் சீனியாஸும். மரக்கறிக்குள் பூவை ஏன் நட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பூவைப் பார்த்துத்தான் புள்ள தேனீ வரும். வந்தா அப்பிடியே பூசணிக்கும் போகும். அது வராட்டி பிஞ்சு நிக்காது" என்றீர்கள்.

தலையாட்டினேன். ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன் என்பதுதான் உண்மை. பூவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வண்டு தொட்டுவிட்டால் பூ எச்சில், எச்சில் பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. ஆகவே வண்டு வர முதல் பறித்துவிட வேண்டும். அப்போது என் வளவில் பூ மரம் ஒன்றும் இல்லை. நீங்கள் விடியப்புறம் சுபஹு தொழுதுவிட்டு உள்ளே ஓதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பொட்டுக்குள்ளால் வருவேன். யன்னல் வழியே உங்கள் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். விரிந்த பூ ஒன்றுகூட மிஞ்சாமல் கொய்துகொண்டு போவேன்.

சாமிக்குப் பறிப்பது களவில்லை என்று ஒரு கதை உண்டு. அதைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் நினைத்தேன். நீங்கள் பூவைத் தலையில் வைப்பதுமில்லை, படத்துக்குச் சாத்துவதுமில்லை, உங்களுக்கு அது எதற்கு என்று நினைத்தேன். எழுதக் கூசுகிறது ராத்தா. ஆனால் நினைத்தேன்.

அந்தப் போகம் பூசணிப் பிஞ்சுகள் பெருவிரல் அளவில் மஞ்சளாகி விழுந்தன. பாகலும் அப்படியே. உதிர்ந்த பிஞ்சுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டினீர்கள். நான் விவசாயக் கந்தோரில் லிகிதர். கோப்புகளைத் தவிர எதையும் தொட்டு வளர்த்தவளில்லை. ஆனால் என் சொல்லை நீங்கள் பெரிய அதிகாரியின் சொல்லாக எடுப்பீர்கள். அந்த நேரம்தான் உங்கள் செவ்வந்தி வரிசை பச்சையாக மட்டும் நிற்பதைக் கண்டேன். விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் சொன்னேன்: "மண்ணில உப்பு ஏறியிருக்கும் ராத்தா. கடல் கிட்டத்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். காய்க்காத பூசணிக்காயை மறைத்தவள் நான்தான்.

என்னை நம்பி, தம்பி வீட்டிலிருந்து உரப்பைகளில் மண் கொண்டுவந்தீர்கள். முழங்கால் நோவோடு வாசல் படலையிலிருந்து ஒவ்வொரு பையாக இழுத்தீர்கள். ஒரு பையின் மறு முனையை நானும் பிடித்தேன். அடுத்த நாள் காலையிலும் பூப் பறித்தேன். வழக்கம் விடவில்லை என்று சொல்லித் தப்பலாம். பறிப்பதை நிறுத்தி, காய் பிடித்துவிட்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும் என்ற பயம்தான் அது.

இரண்டாம் போகமும் பொய்த்தது. பந்தலைப் பிரித்தீர்கள். பூச்செடிகளையும் பிடுங்கினீர்கள். பிறகு நீங்கள் வெளியே வருவது குறைந்துபோனது. பொட்டுக்குள்ளால் பார்த்தால் வெறும் மண்தான் கிடந்தது, கிண்ணியா மண்.

நோயில் கிடந்தபோது சோறு கொண்டு வந்தேன். கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். முகத்துக்குக் கிட்ட கொண்டுபோய் மணந்து பார்த்தீர்கள்.

"மணத்தைக் காணல்லியே புள்ள. இப்ப சாமிக்குப் பூவுக்கு என்ன செய்யிற?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டீர்கள். தேசிக்காய் ஒரு நாளும் என்னைக் காப்பாற்றவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை நாள் தெரிந்துகொண்டே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்களோ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடையில வாங்குறனான் ராத்தா." அவ்வளவுதான் என் வாயில் வந்தது. தலையணைக்குக் கீழிருந்து ஒரு கடதாசிச் சுருளை எடுத்துத் தந்தீர்கள். செவ்வந்தி விதை. அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் இல்லை.

அந்த விதையைத்தான் போட்டேன். பக்கத்தில் பூசணியும் நட்டேன். இப்போது என் சாமிப் படத்துக்குப் பத்து மணிக்குப் பிறகுதான் பூ. தேனீ வந்து, இருந்து, போன பிறகு ஒன்றிரண்டு பறிக்கிறேன். எச்சில் பூதான். சாமி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இன்று ஒரு பூசணிப் பிஞ்சு நின்றிருக்கிறது. என் வளவு உங்கள் வளவைவிடக் கடலுக்குக் கிட்ட.

மண்ணில் உப்பு இல்லை, ராத்தா. நான்தான் பறித்தேன்.