நீங்கள் எழுதாத மன்னிப்புக் கடிதம்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. இறால் குட்டையை ஒட்டிய வயல்களில் மட்டும் இந்த வருஷமும் உப்பு ஏறி, கதிரெல்லாம் பதராகப் போனது. அந்தக் குட்டைகளின் முதலாளிதான் நம் கூட்டணியின் வேட்பாளர். அவருக்கு ஓட்டுக் கேட்கமாட்டேன் என்று நீங்கள் போட்ட சண்டையில்தான் கட்சி உங்களை வெளியே தள்ளியது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். தலைமை சொன்னால் கேட்க வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். கொள்கையை விட்டால் கட்சி எதற்கு என்று முறைத்துக்கொண்டு நின்ற அப்பாவும் ராசு மாமாவும் இன்னும் சிலரும் மறுபக்கம். நான் தலைமையின் பக்கம். ஒன்றியக் குழுவில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தவர் செயலாளர்.

உங்களை நீக்கும் தீர்மானத்துக்குக் கீழ்வேளூர் ஆபீஸில் முதலில் தூக்கிய கை என்னுடையது. நீங்கள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பெற்ற மகளே தூக்கிவிட்டாளே என்றுதான் மற்றவர்களும் தூக்கினார்கள். அதற்காகத்தான் என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வீட்டில் நான் சோறு போட்டபோது, "கை வலிக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதன்பிறகு நான் போட்ட சோற்றை நீங்கள் தொடவில்லை.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வதாகச் செயலாளர் மாதக்கணக்கில் ஆளனுப்பினார். "செத்தாலும் எழுதமாட்டேன்" என்றீர்கள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாலையெல்லாம் வேணாம். மேல நம்ம கொடியப் போட்டு அனுப்புங்க, அது போதும்" என்றீர்களே. கடிதம் எழுதாதவருக்குக் கொடி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாதா அப்பா? குழுவில் இருந்தபோது நீங்களே வகுத்த விதிதானே அது?

சாவு வீட்டுக்கு ராசு மாமா தன் வீட்டுக் கொடியைக் கொண்டுவந்து உங்கள் மேல் போர்த்தினார். செயலாளர் பந்தலுக்குள் வந்ததும் முதல் வேலையாக அதைப் பிடித்து இழுத்தார். கொடியோடு சேர்ந்து உங்கள் வலது கையும் நழுவிப் பெஞ்சுக்கு வெளியே தொங்கியது. நான்தான் எடுத்து வைத்தேன்.

அப்புறம் என்னை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். "நாலு வரி போதும் தோழர். போன வாரத் தேதியப் போட்டுக் குடுங்க. அரசு மரியாதை மாதிரி அனுப்பி வச்சிடுறேன்" என்றார். எட்டாம் வகுப்பு மார்க் அட்டையில் உங்கள் கையெழுத்தைப் போட்டு அடி வாங்கியவள் நான். இந்த முறை அடிக்க யாருமில்லை. 'தலைமையின் முடிவே சரி, என் தவறை உணர்ந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செத்தாலும் எழுதமாட்டேன் என்றவரைச் செத்த பிறகு எழுத வைத்துவிட்டேன்.

கொடி வந்தது. புதுக் கொடி, இஸ்திரி மடிப்புக் கலையாமல். செயலாளர் மைக்கில் அழுதார், நன்றாகவே அழுதார்.

பதினாறாம் நாள் படத்திறப்பில் வந்தவர்களுக்கெல்லாம் காபியோடு அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ் கொடுத்தார்கள். கீழ்வேளூர் முழுக்கப் படித்தது. ராசு மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். மறுநாளே அவரும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் கொடுத்துவிட்டார்கள். உங்களோடு கடைசிவரை நின்றவர்களை யாரும் மிரட்டவில்லை அப்பா, உங்கள் கையெழுத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

நேற்று நம் தெருவுக்கு வேட்பாளரின் ஜீப் வந்தது. மைக் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவர் ராசு மாமா. அவருடைய வயலும்தான் பதராகிக் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து கும்பிட்டார்.

"அண்ணனே தப்புன்னு எழுதிட்டாரு. அப்புறம் நாங்க மட்டும் வீம்பு புடிச்சு என்னம்மா பண்ணப் போறோம்? எல்லாம் அவரு காட்டுன வழிதான்."

நானும் திருப்பிக் கும்பிட்டேன். ஜீப் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

வெட்கமாக இருக்கிறது அப்பா. உயிரோடு இருந்தபோது உங்களைக் கட்சியிலிருந்து மட்டும்தான் நீக்கினேன். செத்த பிறகு உங்கள் பேச்சையே உங்களிடமிருந்து பிடுங்கிவிட்டேன். ஒரு முழத் துணிக்காக.

இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை ராசு மாமா வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஒன்றியக் குழுவுக்குப் போகிறேன். அங்கேயும் வாய்விட்டுப் படிப்பேன். உடனே என்னை நீக்கத் தீர்மானம் போடுவார்கள். ராசு மாமாவையும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அவர் கை தூக்கினால் தூக்கட்டும், உங்களைப் போல நான் ஜன்னலைப் பார்க்கமாட்டேன். என்னிடமும் மன்னிப்புக் கடிதம் கேட்பார்கள். நான் எழுதமாட்டேன். நான் செத்தபின் என் பெயரில் யாரும் எழுதிவிடக் கூடாது என்று என் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்,
தமிழ்ச்செல்வி
(இது என் சொந்தக் கையெழுத்து)