அண்ணன் டப்பாக்களோடு சித்தூருக்கு

செவ்வாய், இரவு.

இன்று ஜெயித்துவிட்டேன். நேற்றிலிருந்து அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, காய்ச்சல், லேசாக மூச்சு வாங்கல். அண்ணன் மூலிகைப் பொடியும் வைட்டமின் மாத்திரையும் விற்கிறவன். "மூணு நாள் பொறு, பொடி வேல செஞ்சிக்கினு இருக்குது" என்றான். "நைனா மூச்சு மூணு நாள் பொறுக்குமா?" என்றேன். அவன் கொடுத்த டப்பாக்களை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு நைனாவைச் சித்தூருக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா ஃப்ளூ என்றார். நேரத்தோடு வந்தது நல்லதாம். டப்பாக்களில் பூண்டு மாத்திரையை மட்டும் தனியே எடுத்து வைத்தார். நைனா இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரையோடு அது சேரக்கூடாதாம்.

"மத்ததெல்லாம் ஃப்ளூவ தடுக்குமா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா."

ஒரே அறையில் படுக்கிற எனக்கு ஏன் வரவில்லை? அதற்கும் "தெரியல" என்றார். அண்ணனுக்கோ எல்லாம் தெரியும்.

சாயங்காலம் வீடு வந்ததும் நைனாவே பசியென்று கேட்டார்: "துன்றதுக்கு ஏதாச்சும் கீதா?" இட்லி சாப்பிட்டார்.

இப்போது பக்கத்து அறையில் அண்ணன் தும்மிக்கொண்டே இருக்கிறான். பொடி கலக்குவான் என்று நினைத்தேன். கதவைத் தட்டுகிறான்.

"சித்தூர் பஸ்ஸு காலைல எத்தினி மணிக்கு?"