சாரலில் ஊறிய கட்டை

1962 ஆடி, ஞாயிறு இரவு. மேலகரம்.

என் மனைவி வாசித்த முதல் இசைத்தட்டு இன்று வந்தது. பியானோ மட்டும்தான், குற்றாலத்து அருவியும் மலைக்காற்றும் அதிலேயே இருக்கின்றன. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"நம்ம பியானோவுல சாரல்ல ஊறிப்போன கட்டை ஒண்ணு இருக்குல்லா? அதைத் தாண்டியே வாசிச்சுக் கை பழகிட்டு. மெட்ராஸ்ல ரெக்கார்டு எடுத்த எடத்துல நல்ல பியானோ. அங்கனயும் அதைத் தொடாமலே வாசிச்சிருக்கேங்க."

"ஏட்டி கோமதி, யாருக்குத் தெரியப்போவுது?" என்று சொல்லித் தொலைத்தேன்.

"எனக்குத் தெரியுதே."

அவள் சாப்பிடவில்லை. நன்றாக இருக்கிறது என்றாவது நான் முதலில் சொல்லியிருக்கலாம். இப்போது கூடத்தில் அந்தக் கட்டையை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கிறாள். மரச்சத்தம்தான் வருகிறது.