கொஞ்ச நேரம் கறுப்பு

ஐப்பசி, செவ்வாய் இரவு. சங்கரன்கோவில்.

இன்று நான் அவசரப்பட்டிருக்கக் கூடாது.

கல்லூரி ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த ரஹ்மத்துக்கு இன்றுதான் கடைசி நாள். இந்த வாரம் துபாய்க்கு, கணவரிடம் போகிறாள். வெள்ளை டைட்டானியம் ஆக்சைடையும் கரித்தூளையும் கலந்து உலையில் வைத்தது அவள்தான். சூட்டில் கரி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போய்விட்டால், கறுப்பாகக் கார்பைடு நிற்கும். இதுவரை ஒரு தடவையும் எங்களுக்குச் சரியாக வந்ததில்லை.

சாயங்காலம் அவளுடைய கடையநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உலை முழுதாக ஆறவில்லை.

"காலைல தொறங்க மேடம். எனக்கு ஒரு போட்டோ அனுப்புனாப் போதும்," என்றாள்.

"போட்டோல என்னட்டி தெரியும்? கண்ணால பாத்துட்டுப் போ," என்று சொல்லி, உலைக்குள் காற்றுப் புகாமல் காத்துவந்த ஆர்கான் வாயுவை நிறுத்தினேன். உலைக் குழாயைத் திறந்து, தூள் இருந்த கிண்ணத்தை வெளியே இழுத்தேன்.

நல்ல கறுப்பு. இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிப்பதற்குள் தூளின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொறி தெரிந்தது. காற்றுப் பட்டதும் அது கங்காகப் படர்ந்தது. அணைந்தபோது கிண்ணத்தில் இருந்தது வெள்ளைத் தூள். கரி எடுத்துப் போனதைக் காற்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

நுண்தூளைச் சூட்டோடு திறக்காதே என்று வகுப்பில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரஹ்மத் கையுறையைக் கழற்றினாள். "கொஞ்ச நேரம் கறுப்பா இருந்துச்சுல்லா மேடம். பாத்துட்டேன்."

ஒரு வார்த்தை கோபித்திருக்கலாம் அவள். பஸ் ஏற்றிவிட்டு வந்து கிண்ணத்தைக் கழுவாமலே வைத்திருக்கிறேன்.

காலையில் அவளுக்கு அனுப்ப ஒரு போட்டோ கூட இல்லை.