கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3

இன்றும் எல்லாம் இரண்டு. கதவு, டம்ளர், அக்கா. ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேருந்து சடன் பிரேக் போட்டது. முன் சீட்டுக் கம்பியில் மோதி வலது கன்ன எலும்பு நொறுங்கிவிட்டது. கண்ணைத் தாங்கும் எலும்பும் கீழே இறங்கிவிட்டதாம்.

"ஒரு அக்காவையே தாங்க முடியல, ரெண்டா?" என்றேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்து அறைஞ்சா தெரியும்டி."

சிரித்தால் வலிக்கிறது.

மார்ச் 5

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் என் மண்டையோட்டைச் சுழற்றிக் காட்டினார். உடையாத இடது பாதியைப் பிரதியெடுத்து, திருப்பி, வலப்பக்கம் பொருத்துவார்களாம். அதுதான் வரைபடம். ஆபரேஷனில் கருவியின் முனை எலும்பில் எங்கே நிற்கிறது என்று கேமரா பார்த்துத் திரையில் காட்டும்.

"வண்டில வழி காட்டுமே, அந்த மாதிரிதான்மா. ஓட்டுறது நான்."

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆகிவிடும். அப்படியானால் — என் கோணல்?

வலது கன்னம் பிறவியிலேயே சற்று இறக்கம். அக்கா வைத்த பெயர் கோணச்சி. அதற்காக அழுதிருக்கிறேன். இப்போது தானாகவே நேராகப்போகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஏன் முடியல?

மார்ச் 6

கன்னத்தைப் பழைய கோணலாகவே வைக்க முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"கண்குழி அளவுல விட்டுக்கொடுக்க மாட்டேன், பார்வை அதுலதான் இருக்கு. கன்னம் உங்க இஷ்டம். பழைய போட்டோ கொண்டாங்க."

மார்ச் 7

என் செல்ஃபியை ஸ்கேனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இறக்கம் இடது பக்கம்ல இருக்கு? அது உடையவே இல்லையே."

"வலதுதான் டாக்டர். தினமும் கண்ணாடில பாக்கறேன்."

அக்கா என் இடது புருவத்து மச்சத்தைத் தொட்டாள். "இது இங்க இருக்கு. போட்டோல அந்தப் பக்கம் தாவிடுச்சு பாருங்க."

செல்ஃபி கண்ணாடிபோல இடவலம் மாற்றியிருக்கிறது. டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கினார்.

அந்தப் படத்தில் இருப்பவள் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. இத்தனை காலம் என்னைத் திருப்பித்தான் பார்த்திருக்கிறேன். நேராகப் பார்த்தவள் அக்கா.

முகம் யாருக்குச் சொந்தம் — சுமப்பவளுக்கா, பார்ப்பவளுக்கா?

மார்ச் 8

திரையில் இரண்டு முகங்கள். கன்னம் நேரானது ஒன்று, இறங்கியது ஒன்று. கண்குழி இரண்டிலும் ஒரே அளவு.

"நீ சொல்லுக்கா."

"உன் மூஞ்சிடி. நான் யாரு சொல்ல?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

மார்ச் 9

நாளை காலை. பயமா இருக்கு.

மார்ச் 28

வீக்கம் வடிந்துவிட்டது. கதவு ஒன்று. டம்ளர் ஒன்று. அதை ஏந்தி வந்து, என்னையே பார்த்தபடி நின்ற அக்கா ஒருத்தி. தலைமாட்டில் கண்ணாடி இருந்தது. எடுக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தேன்.

"என்னடி முழிக்கிற, கோணச்சி? டீ ஆறுது."